பள்ளிக்கூடம் போலிருந்த பேய் வீடு

விக்கிரமசிங்கபுரத்தை விட்டுப் பாளையங்கோட்டைக்கு நாங்கள் வீடு மாறியது ஒரு பள்ளிக்கூடத்துக்காக. என் மகளுக்கு அப்போது நாலரை வயது. கணவருக்கு நூல் மில்லில் வேலை. ஊரில் இருந்தவரை சைக்கிளில் பத்து நிமிடம். மாறிய பிறகு போக ஒன்றரை மணி நேரம் பஸ், வர ஒன்றரை மணி நேரம் பஸ்.  வேலை முடிந்து வந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி, பாதத்தைத் தானே அமுக்கிக்கொள்வார். அதைப் பார்த்ததும் நான்தான் எதையாவது சமாதானம் போலப் பேச ஆரம்பிப்பேன்.

எதைப் பார்த்து அந்தப் பள்ளிக்கூடத்தைப் பிடித்தாய் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், பாடம் நன்றாக நடத்துகிறார்கள் என்று சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியாது. அங்கே ஒரு டீச்சரைக்கூட எனக்குத் தெரியாது. நான் பார்த்தது கட்டடத்தை. பாதிரிமார் காலத்தில் கட்டியது. முகப்பில் மூன்று வளைவுகள், நடு வளைவுக்கு மேலே ஒரு வட்டச் சன்னல், அதற்கும் மேலே மணி தொங்குகிற சின்னக் கோபுரம். பி.எட். படித்த நாட்களில் பஸ்ஸில் தினமும் அதைக் கடந்து போவேன். எவ்வளவு கனமான சுவர் என்று பார்த்துக்கொண்டே போவேன். அதற்குள்ளே உட்கார்ந்து படிக்கிற பிள்ளை எதற்கும் பயப்படாது என்று எனக்குள் ஓர் எண்ணம். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள். என் மகள் அப்படி ஆகக்கூடாது என்பதுதான் அந்த வயதில் அவளுக்காக நான் வேண்டிக்கொண்ட ஒரே காரியம்.

ஜூனில் சேர்த்தோம். முதல் நாள் கொஞ்சம் அழுதாள். மூன்றாம் நாளிலிருந்து கையை விட்டுவிட்டுத் தானே உள்ளே ஓடினாள். இடது வளைவை ஒட்டி மாடியிலிருந்து ஒரு மழைநீர்க் குழாய் இறங்கும். அதை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாள். வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். அந்த நாட்களில் பூட்டை ஒரு முறைதான் இழுத்துப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

ஆனித் திருவிழாவை ஒட்டித் திருநெல்வேலியில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் போனோம். டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுத்தோம். மகளின் முகத்தைவிடப் பெரிய அப்பளம். அதைக் கடித்துக்கொண்டே வந்தவள் ராட்டினத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

"எம்மா, எங்க ஸ்கூலு இங்கன வந்துருக்கு."

பார்த்தேன். பேய் வீடு. ஆனால் அவள் சொன்னது சரிதான். மூன்று வளைவுகள், வட்டச் சன்னல், மேலே சின்னக் கோபுரம். சன்னலுக்குள் சிவப்பு பல்பு எரிந்தது. சுவரில் விரிசலும் ஒட்டடையும் வரைந்திருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதனாலெல்லாம் இல்லை. இடது வளைவை ஒட்டி ஒரு குழாய் இறங்கியது. கற்பனையாக ஒரு பேய் வீடு செய்கிறவர் மழைநீர்க் குழாயை எதற்கு வைக்க வேண்டும்? யாரோ எங்கள் பள்ளிக்கூடத்தின் முன்னால் நின்று பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கணவர், சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இது, ராட்டினத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகலாம் என்றார். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு அது பேய் வீடு இல்லை, அவளுடைய பள்ளிக்கூடம். பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கக்கூடாது என்று எங்கோ படித்தது என் நினைவுக்கு வந்தது. நான்தான் டிக்கெட் எடுக்கச் சொன்னேன்.

உள்ளே இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். இருட்டில் தகரத்தைத் தட்டினார்கள். ஒரு திருப்பத்தில் முகமூடி போட்ட ஒருவர் குனிந்து அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றார். அவள் கத்தவில்லை. வெளியே வந்தும் அழவில்லை. அப்பளம் மட்டும் கையில் இல்லை. என் மகளுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நான் கணவரிடம் சொன்னேன். அதைச் சொன்ன என் குரலே இப்போதும் காதில் இருக்கிறது.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் அவள் இரும்புக் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தூக்கப் பார்த்தேன். கம்பியை விடவில்லை. என்னவென்று கேட்டால் ஒரே பதில்தான்.

"உள்ள அவங்க நிக்காங்க."

செவ்வாயும் அதேதான், புதனும் அதேதான். வகுப்பு டீச்சர் நல்லவர். வாசல்வரை வந்து, சாக்பீஸ் தருகிறேன், மணி அடிக்க விடுகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். தலைமை ஆசிரியை, சின்னப் பிள்ளைதானே, இந்த மாதம் முடியட்டும் பார்க்கலாம் என்றார். கணவர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து தோளில் தூக்கிக்கொண்டு போனார். வளைவுக்குள் நுழைந்ததும் அவள் அவர் சட்டையிலேயே ஒன்றுக்கு இருந்துவிட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர், இவள் போகாவிட்டால் இங்கே வீட்டு வாடகை கட்டிக்கொண்டு இருப்பதில் அர்த்தமில்லை என்று மெதுவாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

பகலில் அவள் தூங்கும்போது நான் போனில் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். மற்ற நாடுகளில் பெரிய பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்கள் இருக்கின்றனவே, அங்கே இருக்கிற கோட்டைகளுக்கும் பேய் மாளிகைகளுக்கும் நிஜமான கட்டடங்கள்தான் மாதிரி என்று சொல்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு ராஜா மலைமேல் கட்டிய அரண்மனையைப் பார்த்து ஒன்று. அமெரிக்காவில் எப்போதோ இடித்துவிட்ட ஒரு வீட்டின் பழைய புகைப்படத்தைப் பார்த்து இன்னொன்று. இதைப் பார்த்துத்தான் அது என்று ஒருவர் எழுதினால், இல்லை, வேறொன்று என்று அடுத்தவர் எழுதுகிறார். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். அந்த அரண்மனைக்கு அருகில் குடியிருக்கிற பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கும்போது எது முதலில் ஞாபகம் வரும் என்று யோசித்தேன். இதையெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது என்றும் யோசித்தேன். ஆனாலும் படித்தேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்று ஒரு படம் எடுத்து, பொருட்காட்சியில் கணவர் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தேன். பேய் வீட்டின் வட்டச் சன்னலில் ஆறு கம்பி, பள்ளிக்கூடத்தில் எட்டு. கோபுரம் அங்கே கூர்மை, இங்கே மொட்டை. அப்படியானால் இல்லையோ? ஆனால் குழாய்?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பகல் வெளிச்சத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு போய், அது வெறும் துணியும் பலகையும்தான் என்று காட்டிவிட்டால் பயம் போய்விடும் இல்லையா? பி.எட்.டில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பிள்ளைக்குக் காட்டிப் புரியவை. கணவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

மத்தியானம் ஒரு மணிக்குப் பொருட்காட்சித் திடலில் ஆளே இல்லை. பேய் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் ஐம்பது வயதுக்காரர், பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து தினத்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். "வாங்கம்மா. பேய்க்கு இப்பம் சாப்பாட்டு நேரம்" என்று பின்பக்கமாக அழைத்துப் போனார்.

பின்னால் சவுக்குக் கம்புகள், சாக்குப் படுதா, ஆணி துருத்திய பலகைகள். அந்த மூன்று வளைவுகளுக்கும் பின்னால் இருந்தது ஓர் ஆள் உட்காருகிற அகல இடம்தான். அங்கே நரைத்த மீசை வைத்த ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் முகமூடி கிடந்தது. மகளைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு அதை எடுத்துப் போட்டுக் காட்டினார். பிறகு தாடைக்குக் கீழே விரலை விட்டு உரித்து எடுத்து, உள்ளே இருந்து சிரித்தார். மறுபடி போட்டார், மறுபடி உரித்தார். மகள் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

எங்களை அழைத்து வந்த அண்ணாச்சியிடம் முகப்பைப் பற்றிக் கேட்டேன். இது எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்து வரைந்ததுதானே என்றேன். அவர் சிரித்தார்.

"எந்த ஊருக்குப் போனாலும் இதே பேச்சுதாம்மா. நாகர்கோவில்ல போட்டா எங்க சர்ச்சு ஸ்கூலுங்காங்க. தூத்துக்குடியில பழைய துறைமுக ஆபீசுங்காங்க. ஒரு பெரியவரு, நான் முப்பது வருசம் வேலை பாத்த இடம்லான்னு கண்ணத் தொடைச்சிக்கிட்டு நின்னாரு. டிக்கெட் எடுக்கல."

வரைந்தவர் இப்போது அவர்களோடு இல்லையாம். அவர் போனில் ஒரு படம் வைத்திருந்தாராம். எந்த ஊர்ப் படம் என்று இவருக்குத் தெரியாது. குழாயைக் காட்டிக் கேட்டேன். அது கோபுர விளக்குக்கு வயர் போகிற பைப் என்றார்.

வீட்டுக்கு வரும்வரை மகள் பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தாள். அந்தத் தாத்தாவுக்குத் தயிர்ச்சாதம் பிடிக்குமா, அவருக்கு வீடு எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்டாள். நாளைக்கு ஸ்கூலுக்குப் போவோமா என்றேன். தலையை ஆட்டினாள்.

மறுநாள் வாசலில் உட்காரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடு வளைவுவரை நடந்து வந்தாள். டீச்சருக்கு அவ்வளவு சந்தோஷம். முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். மகள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தாடைக்குக் கீழே விரல்களை வைத்து, நகம் பதிய, மேல்நோக்கி இழுத்தாள்.

"கழட்டுங்க" என்றாள். "நீங்களும் கழட்டுங்க."

டீச்சர் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். முகம் கழன்று வராததும் மகள் கத்த ஆரம்பித்தாள். பேய் வீட்டுக்குள் கத்தாத கத்தல் அது. டீச்சரின் தாடையில் சிவப்பாக மூன்று கோடுகள். நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை, பரவாயில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கை மட்டும் தாடையை விட்டு இறங்கவில்லை.

நான் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. பேய் பொய் என்று காட்ட நினைத்தேன். அவள் பார்த்தது, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காருகிற அகலம்தான் இடம் இருக்கிறது, அங்கே இருக்கிறவர்கள் முகத்தைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்பதை. பகலில், பக்கத்தில் நின்று, அம்மாவே காட்டியது. அதை எப்படித் திரும்ப எடுப்பது? இல்லை, டீச்சர் நிஜம் என்று நூறு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவள் என் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

தலைமை ஆசிரியை, ஒரு வருடம் வீட்டில் வைத்திருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. கணவரிடம் பொருட்காட்சிக்குப் போனதை ஒப்புக்கொண்டேன். நீ ஒண்ணும் தப்பு பண்ணல என்றார். ஊருக்குப் போவோம் என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் சரி என்றேன்.

இப்போது ஊரில், எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். மட்டக் கூரை போட்ட நான்கு அறைகள், நீல பெயிண்ட். வளைவும் இல்லை, கோபுரமும் இல்லை. முதல் நாளே அழாமல் உள்ளே போனாள். கணவர் மறுபடி சைக்கிளில் மில்லுக்குப் போகிறார், முகம் தெளிந்திருக்கிறது. இதுக்கா அம்புட்டுத் தூரம் பிள்ளையை இழுத்துட்டு அலைஞ்ச என்று என் அத்தை கேட்டார். 

உங்க பிள்ளை மாதிரி அடங்கின பிள்ளை கிடையாது என்று அங்கே டீச்சர் சொல்கிறார். மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகும்போது நான் சன்னல் வழியாகப் பார்ப்பேன். எல்லாரும் சத்தம் போட்டுப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவள் கதவோரம் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து டீச்சரையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாய் அசையாது. பையைத் தோளிலிருந்து இறக்கியிருக்க மாட்டாள். இறக்கச் சொல்லிச் சொல்லி டீச்சர் விட்டுவிட்டாராம். நானும் கேட்பதில்லை. சாப்பாட்டுக் கூடையை வெளியே மற்றக் கூடைகளோடு வரிசையில் வைத்துவிட்டு, அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் வந்துவிடுகிறேன்.