ஆமாஞ்சாமியின் விமானப் பயணம்

என் அக்காவின் கணவருக்கு அவர் சலூன் இருக்கிற தெருக்காரர்கள் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் "ஆமா சார்" என்றுதான் சொல்லியிருப்பார்.

சலூனில் இரண்டு சுழல் நாற்காலிகள் உண்டு. அதில் ஒன்றுதான் சுழலும். அதில் உட்கார்ந்து கொண்டு ஒருவர் இந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்துவிடும் என்பார். அத்தான் "ஆமா சார்" என்பார். அவர் எழுந்து போனதும் அடுத்தவர் உட்கார்ந்து சொட்டு மழைகூட வராது என்பார். அதற்கும் "ஆமா சார்"தான். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர், முகத்தில் சோப்பு நுரையோடு, "இந்த ஏரியாவுல ஒருத்தனுக்கும் ஒழுங்கா முடிவெட்டத் தெரியாதுப்பா" என்றாராம். "ஆமா சார், நானும் கவனிச்சிருக்கேன்" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் கேட்டே விட்டேன். "உங்களுக்குன்னு ஒரு அபிப்பிராயமே கிடையாதா அத்தான்?"

"கழுத்துல துணி கட்டி உக்காந்திருக்கவர் சொல்றதுதான் சரி மாப்ள," என்றார். "கத்தி நம்ம கையில இருக்கு. எதிர்த்துப் பேசினா அவர் வெடுக்குன்னு தலையத் திருப்புவாரு. ரத்தம் வந்தா யாருக்குக் கெட்ட பேரு?"

வீட்டில் அப்படியே நேர்மாறு. அக்கா மின்விசிறியைக் குறைக்கச் சொன்னால் "இல்ல." கதவைச் சாத்தச் சொன்னால் "இல்ல." இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சொன்னால்கூட ஒரு "இல்ல" போட்டுவிட்டுத்தான் காலண்டரைப் பார்ப்பார். "கடையில சொல்லாம மென்னு முழுங்கின இல்லையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டு வந்து என் தலையிலதான் கொட்டுவாரு" என்பாள் அக்கா. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். உலகத்திலேயே அந்த மனுஷன் சண்டை போடுகிற ஒரே ஆள் அவள்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

கடை விடுமுறை நாளில் பால்கனியில் ஒரு ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்து அவர் தலைக்கு டை அடிப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் தலையில் வேறு யாரும் கை வைத்ததில்லை. ஆம்பளைத் தலைகளை மட்டுமே பார்த்த அத்தான், அவளுக்காகவே பின்னல் போடக் கற்றுக்கொண்டார். அவள் இன்னும் கறுப்பாக வேண்டும் என்பாள், இவர் இல்லை, இது போதும் என்பார். டை காய்கிற வரைக்கும் அந்த வழக்கு நடக்கும். காய்ந்ததும் அலசிவிட்டு, சிக்கெடுத்து, சீவிப் பின்னி விடுவார். அப்போது மட்டும் இரண்டு பேரும் பேச மாட்டார்கள்.

அவர்கள் மகள் வேலை பார்ப்பது நான் இருக்கிற நகரத்தில். அவளுக்குக் குழந்தை பிறந்ததும் ஒத்தாசைக்கு அக்கா வந்தாள். அத்தான் கடையை விட்டு வர முடியவில்லை. தினமும் சாயங்காலம் போனில் சண்டை நடக்கும். குழந்தையின் மூக்கு யாரைப் போல் இருக்கிறது என்பது மட்டுமே ஒரு வாரம் ஓடியது.

ஒரு நாள் காலையில் அக்கா குழந்தையின் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போன் செய்தது நான்தான்.

"அத்தான், அக்கா போயிட்டா."

"இல்ல" என்றார்.

நான் திரும்பவும் சொன்னேன். யாரோ ஒரு வாடிக்கையாளர் "என்ன ஆச்சு?" என்று கேட்பது மட்டும் காதில் விழுந்தது. அப்புறம் அத்தான் சொன்னார், "மாப்ள, அவ தலைய யாரும் தொட வேணாம். நான் வந்து சீவி விடறேன்."

எங்கள் பகுதித் தகனக் கூடத்தில் உலையைப் பழுது பார்ப்பதற்காக மறுநாள் மாலையோடு மூடுவதாக இருந்தார்கள். மூடினால் ஒரு வாரம் திறக்க மாட்டார்கள். அதுவரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்க இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி, மூடுகிற அந்த நாளின் கடைசி முறையை வாங்கினோம். அத்தானுக்கு மறுநாள் மத்தியானம்தான் விமானம் கிடைத்தது. வந்து இறங்கி நேராகக் காரில் ஏறினால் அவள் முகத்தைப் பார்க்கலாம், தலையைச் சீவலாம். அதற்கு மட்டும் நேரம் இருந்தது.

அவர் விமானம் ஏறுவது அதுதான் முதல் தடவை. சோதனை செய்கிற இடத்தில் பையில் இருந்த கத்திரியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். "இது கூடாதுங்க" என்றார்களாம். இவர் "ஆமா சார்" என்றாராம். சீப்பை விட்டுவிட்டார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.

எனக்கு ஒன்று புரிவதில்லை. பஸ்ஸில் ஒருத்தர் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் "உடம்பு சரியில்லையா?" என்றாவது கேட்பார். விமானத்தில் மட்டும் டிக்கெட் எடுத்தவர்கள் எல்லோரும் உல்லாசமாகச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு இரண்டு பேர் அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நடு இருக்கையில் ஒரு பருத்த மனிதர், நடைபாதை ஓரத்தில் அவர் மனைவி. அங்கே பேசியதெல்லாம் பிற்பாடு அத்தான் எனக்குச் சொன்னது.

"முதல் தடவையா?" என்று ஆரம்பித்தார் அந்த மனிதர்.

"ஆமா சார்."

"பெல்ட்ட அப்படிப் போடக் கூடாது, இப்படி. எங்க, ஊர் சுத்தவா?"

"பொண்ணு வீட்டுக்குங்க. பேரன் பொறந்திருக்கான்."

"அட, தாத்தா ஆயிட்டீங்க. வீட்டம்மா வரலையா?"

இந்த இடத்தில் அத்தான் கொஞ்சம் தடுமாறியிருக்கிறார். "அவ அங்கதான் இருக்கா" என்றிருக்கிறார்.

"அப்படின்னா இத்தனை நாளா வீட்டுல தனிக்காட்டு ராஜா. நிம்மதியா இருந்திருப்பீங்களே."

"ஆமா சார்."

"கேட்டியா?" என்று அவர் மனைவி பக்கம் திரும்பியிருக்கிறார். அந்த அம்மாவும் சளைத்தவர் இல்லை. "இவரை மட்டும் ஒரு மாசம் விட்டுட்டுப் போனா எனக்கும்தான் நிம்மதி" என்று சொல்ல, இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அத்தானும் கூடச் சிரித்தாராம். அதை அவர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விமானம் கிளம்பவில்லை. ஏறாமல் போன யாரோ ஒருவருடைய பெட்டியைக் கீழே இறக்க வேண்டும் என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். அத்தான் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைப் பக்கத்து மனிதர் பார்த்துவிட்டார்.

"வீட்டம்மா திட்டுவாங்கன்னு பயமா? கொஞ்சம் லேட்டானா என்ன குடியா முழுகிப் போயிடும்?"

"இவர் வேற," என்றார் அந்த அம்மா. "நாம போய்தான் யாரையோ பொழைக்க வைக்கப் போற மாதிரி."

அத்தான் அதற்கும் "ஆமாங்க" என்றார்.

கிளம்பிய பிறகும் அவர்கள் வாய் ஓயவில்லை. அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி, முழங்கையை இவர் விலாவில் ஊன்றிக்கொண்டு, பெண்டாட்டி ஜோக்குகளாக அவிழ்த்துவிட்டார். நடுநடுவே அக்காவைப் பற்றிக் கேள்வி. வீட்டம்மா எப்படி, கோபக்காரியா, சண்டை போடுவாங்களா? அத்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். டை விவகாரத்தைச் சொன்னார். குழந்தை மூக்குச் சண்டையைச் சொன்னார். "பலே ஆளுங்க உங்க வீட்டம்மா" என்று அவர் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு, அப்படியே அத்தான் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். சலூன் நாற்காலியில் எத்தனையோ பேர் தூங்கியிருக்கிறார்கள். தலை ஆடாமல் தாங்கிப் பிடிப்பது இவருக்குப் பழக்கம். இறங்குகிற வரைக்கும் தோளை அசைக்கவில்லை.

தரை இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பணிப்பெண் ஒருத்தி வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். "லேட்டானதுக்கு மன்னிக்கணும். யாருக்காவது ரொம்ப அவசரம்னா சொல்லுங்க. முன் வரிசையில உக்கார வச்சு முதல்ல இறக்கி விடறோம்."

அப்போதுதான் விழித்துக்கொண்ட அந்த மனிதர், கண்ணைக் கசக்கியபடி, மூன்று பேருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். "எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லம்மா." அத்தான் பக்கம் திரும்பி, "என்ன சொல்றீங்க?" என்றார்.

அத்தான் வாயைத் திறந்தார். "ஆமா சார்" என்றார்.

பணிப்பெண் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

நான் விமான நிலைய வாசலில் கார்ச் சாவியை முறுக்கிக்கொண்டு நின்றேன். தகனக் கூடத்தில் மருமகனும் மகளும் அக்காவோடு காத்திருந்தார்கள். மகள் விடாமல் போன் செய்துகொண்டிருந்தாள். கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் எல்லோரும் போய், கதவே ஓய்ந்த பிறகு அத்தான் வந்தார். அவர் தோளில் அவருடைய பை. கையில் வேறு யாருடையதோ ஒரு பெரிய பெட்டி, அதை இழுத்துக்கொண்டு வந்தார். பின்னால் அந்தத் தம்பதி கைவீசி நடந்து வந்தார்கள்.

"உங்க மச்சானா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் அந்த மனிதர். "தங்கமான மனுஷன் சார் இவரு. நேரம் போனதே தெரியல." பிறகு அத்தான் கையைப் பிடித்துக் குலுக்கி, "வீட்டம்மாவ நான் ரொம்பக் கேட்டதா சொல்லுங்க" என்றார்.

எனக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அத்தான் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"சொல்றேன் சார்" என்றார்.

நான் காரை விரட்டினேன். பாதி வழியில் மகள் மறுபடியும் கூப்பிட்டாள். "மாமா, இதுக்கு மேல நிறுத்த முடியாதுங்கறாங்க. எங்க இருக்கீங்க?" எங்கே இருக்கிறோம் என்று சொன்னேன். அவள் அழ ஆரம்பித்தாள். அத்தான் சட்டைப் பையில் இருந்து சீப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சிக்னலில் நின்ற ஒவ்வொரு தடவையும் நான் அவரைப் பார்க்காமல் சிவப்பு விளக்கையே பார்த்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரும்புக் கதவு மூடியிருந்தது. உலை ஓடுகிற சத்தம் கேட்டது. அங்கே வேலை பார்ப்பவர் பாவம், தன்னால் முடிந்த மட்டும் இழுத்துப் பார்த்ததாகச் சொன்னார். மகள் ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

அத்தான் அவள் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்தபடி கேட்டார். "தலைய சீவி விட்டீங்களாம்மா?"

அவள் நிமிர்ந்தாள். "இல்லப்பா. நீங்கதானே யாரும் தொட வேணாம்னு சொன்னீங்க. கடைசி வரைக்கும் நீங்க வந்துடுவீங்கன்னு இருந்தோம்."

கலைந்த தலையோடு அக்கா போய்விட்டாள் என்பது அத்தானுக்குள் இறங்குவதை நான் பார்த்தேன். அதைப் பார்த்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சாம்பல் கொடுக்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் விமானத்தில் நடந்ததையெல்லாம் சொன்னார். என்னால் தாங்க முடியவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல் ஆளா இறக்கி விட்டிருப்பாங்களே அத்தான். அந்த ஆளு மனசு நோகும்னு பாத்தீங்களா? நம்ம மனசு என்ன கல்லா?"

"முதல்ல அப்படித்தான் மாப்ள," என்றார். "அவ்வளவு சிரிச்சுப் பேசினவரு. இப்பப் போய் சொன்னா சுருங்கிப் போயிடுவாருன்னு நெனச்சேன்." சீப்பின் பல்லைக் கட்டை விரலால் வருடிக்கொண்டே இருந்தார். "ஆனா அது மட்டும் இல்ல. வீட்டம்மா எங்கன்னு கேட்டாரு. அங்க இருக்கான்னு சொன்னேன். சொன்ன உடனே நெசமாவே இருக்கிற மாதிரி இருந்துச்சு. அவரு கேக்கக் கேக்க அவ இருந்தா மாப்ள. வாசல்ல வந்து நின்னு, ஏன் இவ்வளவு லேட்டுன்னு கத்தப் போறான்னுகூட நெனச்சேன். எனக்கு இறங்கவே மனசு வரல."

அந்தத் தம்பதி மேல் இருந்த கோபம்கூட எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் சாம்பலை ஒரு மண் கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தார்கள். மகளும் மருமகனும் அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்த குழந்தையை வாங்க வேண்டியிருந்ததால் முன்னால் கிளம்பினார்கள். அத்தான் என் காரில் ஏறி, கலயத்தை மடியில் வைத்துக்கொண்டார். இன்னும் சூடு இருந்திருக்கும். கையை எடுக்கவில்லை. கலயத்தைக் கட்டியிருந்த துணி ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. அவர் அதை அவிழ்த்து, சுருக்கம் இல்லாமல் நீவி, கடையில் வந்து உட்காருகிறவர்களுக்குக் கட்டுகிற மாதிரி பின்பக்கமாகத் திருப்பிக் கட்டினார்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் பேசினார். என்னிடம் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் குனிந்து மடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிளேன்ல பக்கத்துல ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுஷன். உன்னை ரொம்பக் கேட்டதா சொல்லச் சொன்னாரு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நான் காரை ஓரங்கட்டி நிறுத்தினேன்.