கையெழுத்துக்காரி

என் ஓரகத்தி மேல எனக்குப் பொறாமை. சொல்றதுக்கு இன்னா வெக்கம்? அவ பத்தாவது ஃபெயில், நான் பன்னெண்டாவது பாஸ்.

நாங்க இருக்கிறது திருவாலங்காட்டுப் பக்கம். நூறு நாள் வேலைக் காசு எடுக்கணும்னா திருத்தணி பேங்குக்குத்தான் போகணும். ஊர்ப் பொம்பளைங்க என்னைக் கூட்டினு போவாங்க. நான் சீட்டு எழுதுவேன், அவங்க மை தடவி விரலை ஒத்துவாங்க. என் பஸ் டிக்கெட்டும் டீயும் அவங்க செலவு. "கைநாட்டுங்கல்லாம் ஓரமா நில்லுங்க"ன்னு நான் அதட்டினாலும் "ஆங், சரிம்மா"ன்னு நிப்பாங்க. அந்த மரியாதை எனக்கு வெல்லமா இனிச்சது.

அப்புறம் ஓரகத்திக்கு பேங்க்ல ஒரு கைரேகை மெஷின் குடுத்தாங்க. ஆதார் நம்பரைச் சொல்லி விரலை வெச்சா, அவ வீட்டு வாசல்லயே காசு. சீட்டும் வேணாம், சீட்டு எழுதறவளும் வேணாம். எதிர்வீட்டுல நான் அரிசி பொடைச்சிகினே அந்தக் கூட்டத்தைப் பாப்பேன். வயிறு எரியும். கரும்பு வெட்டித் தேஞ்ச விரல் மெஷின்ல விழாது. அவ ஒவ்வொருத்தி கையையும் தொடச்சி, எண்ணெய்ப் பசைக்குத் தலையில தேய்க்கச் சொல்லி, மறுபடி வெப்பா.

"ஒரு நாள் அந்த மெஷின் நின்னு போவும், அன்னிக்கு எங்கிட்டதான் வருவாளுங்க"ன்னேன் வீட்டுக்காரர்கிட்ட.

"உனக்கு இன்னாத்துக்கு இந்த வயித்தெரிச்சல்?"ன்னார் அவர்.

மெஷின் நிக்கல.

போன ஆடிக் கிருத்திகைக்கு என் பொண்ணுக்கு நெருப்பா காய்ச்சல். பக்கத்து ஊர் டாக்டர்கிட்ட போக வீட்டுல காசில்ல. என் கணக்குல இருக்குது. ஆனா காவடிக் கூட்டத்துல திருத்தணி ரோட்டுல பஸ்ஸே நவுரல. வேற வழி? தெருவைத் தாண்டி அவ வீட்டுக்குப் போனேன்.

வரிசையில நான் அதட்டின பொம்பளைங்களே ஆறு பேரு. பொண்ணுக்குக் காய்ச்சல்னதும் வழி விட்டாங்க. விரலை வெச்சேன். விழல. மறுபடி வெச்சேன். விழல.

"சோப்புல காஞ்சிருக்குது அக்கா. தலையில தேச்சிக்கோங்க"ன்னா ஓரகத்தி.

அத்தினி பேரு முன்னால என் பெருவிரலைத் தலையில தேச்சேன். அவ என் கையைப் புடிச்சி, முந்தானையில தொடச்சி, லேசா வெச்சா. விழுந்துது. காசைக் குடுத்து, "மொதல்ல கொழந்தையப் பாருங்க அக்கா"ன்னா.

ஒரே ஒரு தரம் அவ சிரிச்சிருந்தா திட்டிட்டு வந்திருப்பேன். சிரிக்கல. அதான் எனக்கு இன்னும் ஆறல.