என் புதன்கிழமை

சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைக்க முடியாமல் என் வீட்டுக்காரர் திணறிக்கொண்டிருந்தார். "ஒங்களுக்கு வயசாயிடுச்சு" என்று கேலி செய்துகொண்டே நானே போட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அப்புறம் ஆட்டோ, மருத்துவமனை, நடைபாதையில் போட்டிருந்த நாற்காலி. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அந்த நாற்காலி தெரிந்திருக்கும்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு அந்தப் பகுதி செயலிழப்பது) என்றார் டாக்டர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அஃபேசியாவும் (மனதில் இருப்பதைச் சொல்ல வார்த்தை வராமல் போவது) சேர்ந்துகொண்டது. "தண்ணி", "வலி" என்ற இரண்டைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

"கொஞ்சம் கொஞ்சமா வரும்மா. பொறுமையா இருங்க."

அந்தச் சரக்கு என்னிடம் எப்போதுமே கிடையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மணி அடித்தால் எடுத்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு நாள் முழுக்க ஓட்டம்தான். படுக்கைப்புண் வராமலிருக்கப் புரட்டிவிட வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், பிசியோதெரபி (தசைகளுக்கான இயன்முறைப் பயிற்சி) செய்யவைக்க வேண்டும். அவர் தூங்கினாலும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டு முடித்து வரும் மகன் ராத்திரிகளைப் பார்த்துக்கொண்டான். தூக்கம் கிடைத்தது. எனக்குப் புதன்கிழமையும் வேண்டியிருந்தது.

மாதா கோயில் மண்டபத்தில் ஓய்வு பெற்றவர்கள் புதன் சாயங்காலம் கூடுவோம். ஒரு வாரம் ரீத்தா டீச்சர் பிரெஞ்சு சொல்லித்தருவார், இன்னொரு வாரம் செல்போனில் பணம் அனுப்பப் பழகுவோம். நடுவில் டீயும் ஊர்வம்பும். அங்கே நான் தப்பும் தவறுமாகப் பிரெஞ்சு பேசுகிற ஸ்டெல்லா, அவ்வளவுதான்.

"ஒன்னால வர முடியலன்னா என்ன, நாங்க வரோம்" என்று டீச்சர் ஒரு புதனன்று வகுப்பு முழுவதையும் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு, என் வீட்டுக்காரருக்கு வரிசையாக "போன்ழூர்" (பிரெஞ்சில் வணக்கம்) சொன்னார்கள். நான் அடுப்படியில் எல்லோருக்கும் டீ போட்டேன். போன பிறகு டம்ளர் கழுவினேன். அடுத்த வாரமும் வந்தார்கள். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெளியே போக எனக்கென்று இருந்த ஒரே இடமும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் வெந்தேன்.

மூன்றாவது வாரம் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, கூடவே நானும்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் வராதீங்க. யாராவது ஒருத்தர் இவர்கூட இருங்க. நான் மண்டபத்துக்குப் போறேன்."

டீச்சர் முகம் சுருங்கிப்போனது. "நாங்க வரது ஒனக்குத் தொந்தரவா ஸ்டெல்லா?"

"ஆமா டீச்சர்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

லூர்துசாமி அண்ணன் எழுந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். "எனக்கு இன்னாத்துக்கு பிரெஞ்சு கிளாசு? நான் டீக்குத்தான் வரேன். அடுத்த வாரம் இங்க நான் இருக்கேன், நீ போம்மா" என்றார்.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களே, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நல்லவர்களுக்கும் தானாகத் தெரியாது.

அடுத்த புதன் மண்டபத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். டீச்சர் கோபத்தைக் காட்டாமல் பாடம் நடத்தினார். ஒன்றும் காதில் ஏறவில்லை. அண்ணன் இவரைப் புரட்டிவிட்டாரா, இவருக்குத் தண்ணீர் புரையேறியிருக்குமா என்று செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வகுப்பில் எழுந்து வீட்டுக்கு ஓடினேன்.

அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையால் லூர்துசாமி அண்ணனோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தக் கையை வீசினார்.

"போ... ஆட்டம்..."

புதிதாக இரண்டு சொல் வந்திருக்கிறது, அதுவும் என்னை விரட்டுவதற்கு. சந்தோஷமும் ரோஷமும் ஒன்றாக வந்தன. நானில்லாமல் அவருக்கு ஒரு நிமிடம்கூட ஓடாது என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

மண்டபத்துக்கே திரும்பி நடந்தேன். அவரைத் தாங்கித் தாங்கி என் இடது தோள் இறங்கிப்போயிருந்தது தெருவில்தான் தெரிந்தது. நிமிர்த்தினால் வலித்தது. வகுப்பு முடிய அரை மணி நேரம் இருந்தது. முழுசாக என்னுடையது. அரை மணி என்பது எவ்வளவு பெரியது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.