தலைகீழ் ‘ஏ’

தேய்ந்த செப்புக் காசுகளில் எழுத்துப் பிழை தேடுவது என் பொழுதுபோக்கு. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அடித்த அரைப் பென்னிகள் அவை. அப்போது காசடிக்கும் எஃகு அச்சில் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகச் சுத்தியலால் அடித்துப் பதித்திருக்கிறார்கள். கை தவறினால் ராஜாவின் பெயரிலேயே ஓர் எழுத்து மாறிப்போகும். அந்த அச்சில் அடித்த அத்தனை காசிலும் அதே பிழை இருக்கும். பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவள் நான். பிழை பார்க்கும் கண் ஏற்கெனவே இருந்தது. அனுமந்தன்பட்டி வீட்டில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

போன கோடை விடுமுறையில் இங்கிலாந்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. யாரும் சீந்தாத மொண்ணைக் காசுகள். அதில் ஒன்றில் ராஜாவின் பெயரிலிருந்த ஓர் ஆங்கில ‘வி’ (V) எழுத்துக்கு நடுவே மெல்லிய குறுக்குக் கோடு தெரிந்தது. ‘ஏ’ (A) எழுத்தைத் தலைகீழாக வைத்து அடித்துவிட்டார்கள் என்று பட்டது. அடுப்பில் வைத்த பாலை மறந்து படம் எடுத்து, இந்தக் காசுகளைப் பட்டியலிட்டு வரும் ஆங்கிலேயர் ஒருவருக்கு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. அது அச்சில் விட்ட விரிசலாம். புதிதாகச் சேர்ப்பவர்கள் இப்படி ஏமாறுவது வழக்கமாம்.

எட்டு வருடமாகச் சேர்க்கிறேன். எனக்குச் சுருக்கென்றது.

“விடேன். அவுக ஊர்க் காசு, அவுகளுக்குத் தெரியாதா?” என்றார் கணவர்.

அந்த வாரம் தோட்டத்து மோட்டாரைத் தேனியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் ஓர் இரும்புத் துண்டில் எழுத்துப் பஞ்சுகளை, அதாவது முனையில் எழுத்து வெட்டிய எஃகு உளிகளை, வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை பரபரத்தது. பையிலிருந்த காசை எடுத்து நீட்டினேன்.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “டீச்சர், விரிசல் ஒரு இடத்துல நிக்காது. எழுத்தத் தாண்டி ஓடும். இங்கன பாருங்க, கோடு ரெண்டு காலுக்குள்ளயே நிக்குது. பஞ்சத் தலைகீழாப் பிடிச்சு அடிச்சிருக்காக.”

“எப்படிண்ணே அவ்வளவு உறுதியாச் சொல்றீக?”

அவர் தன் லேத் மெஷினில் திருகியிருந்த தகட்டைக் காட்டினார். ஆங்கிலத்தில் அடித்திருந்த பட்டறையின் பெயரில் ஓர் ‘ஏ’ தலைகீழாக நின்றது. “நானே அடிச்சேன். கழட்டி மாத்த மனசு வரல.”

பிறகு ஒரு செப்புத் தகட்டில் ‘வி’யையும் தலைகீழ் ‘ஏ’யையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துக் கொடுத்தார். காசில் இருந்தது அப்படியே இரண்டாவதுதான். தகட்டையும் காசையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

நான்கு நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் நீண்ட கடிதம் வந்தது. ஆங்கிலேயர் தன் பெட்டிகளைக் கிளறியதில் அதே அச்சில் அடித்த இன்னொரு காசு கிடைத்ததாம். அதிலும் அந்தக் கோடு. மன்னிப்புக் கேட்டு, கண்டுபிடித்தவர் என்று யாரைக் குறிப்பிடுவது என்றும் விசாரித்திருந்தார். ஓர் ஆசிரியையும் ஒரு தேனி லேத் பட்டறைக்காரரும் என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதினார்.

போனில் சொன்னதும் பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் சிரித்தார். “அன்னைக்கு அடிச்ச ஆளு யாருன்னு போட்டிருக்காகளா?”

“அது யாருக்கும் தெரியாதுண்ணே.”

“தப்பிச்சுட்டாரு,” என்றார்.

இப்போது என் கணவரும் சாயங்காலங்களில் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொள்கிறார். இதுவரை அவர் கண்டுபிடித்த மூன்று பிழைகளும் துடைத்ததும் போய்விட்டன.