எல்லையில் நான் சொன்ன பெயர்

"டோ கின் சான்... போன்! இந்தியாவிலிருந்து!"

போன வாரம் பக்கத்து வீட்டு மா தந்தார் ஜன்னலிலிருந்து பர்மிய மொழியில் கத்தினாள். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். யாங்கோனில், தாகேதா பேட்டையில் எங்கள் வரிசையில் அவள் வீட்டில் மட்டும்தான் போன் உண்டு. போலீஸ்காரர் வீடாயிற்றே!

டோ கின் சான் யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். 'டோ' என்பது வயதான பெண்களுக்கு இங்கே தரும் மரியாதை. கல்யாணத்துக்குப் பிறகு அடையாள அட்டை எடுக்கப் போனபோது, பர்மியப் பெயராக இருந்தால் நல்லது என்றார்கள். சரி என்று வைத்துக்கொண்டேன். யாங்கோன் தமிழர்கள் பல பேருக்கு இப்படித்தான். வெளியே ஒரு பெயர், வீட்டுக்குள் ஒரு பெயர்.

வீட்டுக்குள் நான் செல்லம்மா. ஆனால் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டுக்குள் கூப்பிட யார் இருக்கிறார்கள்? மகள் சிங்கப்பூரில். அவளுக்கு நான் அம்மா. செல்லம்மா என்று சுவரா கூப்பிடும்?

போனில் கூப்பிட ஒருவர் இருந்தார். என் அண்ணன்.

அறுபதுகளில் கப்பலேறி மெட்ராஸ் போனவர். அங்கே ஒட்டவில்லை. தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பினார். எல்லையில் விடவில்லை. மணிப்பூரின் கடைசி ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டார். அந்தப் பக்கம் மோரே, இந்தப் பக்கம் எங்கள் தமு. நடுவில் ஒரு கேட். அதைத் தாண்டி அண்ணனைப் பார்க்க எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"கேட் பக்கத்துலயே நிப்பேன், வா தங்கச்சி. ஒரு நாள்தான் விடுவான். அதுவாவது கெடைக்கட்டும்" என்று முன்பு ஒரு தடவை போனில் சொன்னார்.

போன மாதம் போனேன். பஸ் மாறி, பஸ் மாறி, உடம்பெல்லாம் செம்மண். கையில் அண்ணனுக்குப் பிடித்த இறால் சம்பல் ஒரு டப்பா.

தமுவில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். சாயங்காலம் கேட் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அந்தப் பக்கம் போனேன். துப்பாக்கியோடு நின்ற இந்தியச் சிப்பாய் என்னை உற்றுப் பார்த்தார்.

"செல்லம்மா?" என்றார்.

ஆமாம் என்றுதானே சொல்லியிருக்க வேண்டும்?

"மஹொப்பு" என்றேன். அதாவது, இல்லை! சீட்டை நீட்டி "கின் சான்" என்றும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. "யூனிஃபார்ம் கேட்டா அட்டையில உள்ளத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாத" என்பார். இத்தனை வருஷத்தில் வாய் பழகிவிட்டது. இவருக்கு எப்படி என் வீட்டுப் பெயர் தெரிந்தது என்று பயந்தேனே தவிர, யார் சொல்லி வைத்திருப்பார்கள் என்று யோசித்தேனா? இல்லையே!

சிப்பாய் எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்து, 'இவர் இல்லை' என்பதுபோல் கையாட்டினார். அங்கே பெஞ்சில் இருந்த ஒரு வழுக்கைத் தலைக் கிழவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டம்ளர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவரைக் கடந்து போனேன்.

கொஞ்சம் தள்ளி, கம்பளிக் கடை நிழலில் நின்றேன். அந்த நாளைய அண்ணன் மாதிரியே சுருட்டை முடியோடு ஒருவர் வருவார் என்று பார்த்தேன். சுற்றிலும் தமிழ் கேட்டது. இட்லி, சாம்பார், யாரோ யாரையோ திட்டுவது... இவ்வளவு தமிழுக்கு நடுவில் என்னை ஒருவருக்கும் தெரியவில்லை. யாரையாவது விசாரிக்கலாம்தான். ஆனால் கேட் பக்கத்தில் சிப்பாய்கள். வாய் வரவில்லை. யாங்கோன் வீட்டில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

வெயில் சாய்ந்துவிட்டது. அண்ணன் வரவில்லை. சரி, நம் அதிர்ஷ்டம் இவ்வளவுதான் என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன்.

அங்கே அந்த வழுக்கைத் தலைக் கிழவர் சிப்பாயிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "சார், செல்லம்மா வரவே இல்லியா சார்?"

தலை மாறிவிட்டது. குரல் மாறவே இல்லை!

"அண்ணே..." என்றேன்.

திரும்பினார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். "பேரச் சொல்லிதானே வச்சேன்! கூப்பிடலியா?"

"கூப்பிட்டாங்கண்ணே. நான்தான் இல்லேன்னுட்டேன்."

என் லுங்கியையும், பர்மியப் பெண்கள் மாதிரி கன்னத்தில் பூசியிருந்த தனக்காச் சாந்தையும் பார்த்தார். "நானும் பர்மாக்காரின்னு நெனச்சுட்டேன் தங்கச்சி" என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

ஒரு டீ குடிக்கத்தான் நேரம் இருந்தது. அதையும் அவர் ஆற்றித் தந்தார், நான் சின்னப் பிள்ளை மாதிரி. பிறகு கேட்டை மூட ஆரம்பித்தார்கள். டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்கு வந்த போனுக்கு வருகிறேன். ரிசீவரை எடுத்தபோது எதிரில் மா தந்தாரின் வீட்டுக்காரர், யூனிஃபார்மோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லைனில் ஒரே இரைச்சல்.

"யாரு? யாரு பேசறது?" என்றார் அண்ணன்.

"செல்லம்மா!" என்றேன்.

போலீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டுமே... இந்த ஊரில் அந்தப் பெயரை இனி நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு!