மூன்றாம் மோட்டார் பக்கத்தில் ஒரு வைவா

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் லேபில் முப்பத்தொரு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். பார்த்த பிராக்டிகல் தேர்வுகள் நூற்று இருபத்து நான்கு. தலைவலி இல்லாமல் முடிந்தவை இரண்டு. இது மற்றவற்றில் ஒன்று.

அன்றைக்கு வெளித்தேர்வாளர் சித்தூரிலிருந்து நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். முப்பது மாணவர்களுக்கு இருபத்தாறு ஸ்டூல். மூன்றாம் மோட்டாரின் ஸ்டார்ட்டர் கோளாறு. நிறுத்தினால் மறுபடி ஓட வைக்க ஆறு முறையாவது கெஞ்ச வேண்டும். அதனால் நிறுத்த மாட்டேன் என்றேன். அவரோ அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு வைவாவை, அதாவது வாய்மொழித் தேர்வை, தொடங்கினார். கர்ப்பக்கிரகத்துக்குள் பேசுகிற குரல் அவருக்கு. முதல் பதினோரு பேர் "சார்? சார்?" என்று கேட்டே நேரத்தைத் தீர்த்தார்கள்.

பன்னிரண்டாவது தேவகி. சித்தூர்ப் பக்கம் நகரி ஊர்ப் பெண், விசைத்தறிக் குடும்பம்.

"குட் மார்னிங் சார்!" என்றாள். ஜன்னலில் இருந்த மூன்று புறாக்களும் பறந்தன.

"ஏம்மா, என்னத் திட்றியா?" என்றார் தேர்வாளர்.

போன வருடம் வந்த தேர்வாளர் இந்தக் கத்தலைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு ஃபெயில் போட்டிருந்தார். இந்த முறையும் போனால் படிப்பை விட்டுத் தறிக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். மெதுவாகப் பேசு என்று அந்த வாரம் மட்டும் பத்தொன்பது தடவை சொல்லியிருந்தேன்.

தேர்வாளர் என் பக்கம் சாய்ந்து, "எனிமிதி சாலு" என்று தெலுங்கில் முணுமுணுத்தார். எட்டு போதுமாம். இருபதுக்கு எட்டு என்றால் ஃபெயில். ஒட்டி நின்ற எனக்கே பாதிதான் காதில் விழுந்தது.

மோட்டாருக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி நின்ற தேவகி கத்தினாள்: "எட்டு வேணாம் சார்! நீங்க இன்னும் ஒரு கேள்விகூட கேக்கலியே!"

தேர்வாளரின் பேனா நின்றது. "உனக்கு எப்படிக் கேட்டுது?"

"கேக்கல சார், பாத்தேன்! எங்கூட்ல எட்டு தறி ஓடிக்கினே இருக்கும். சோறு துன்ன கூப்புடறது, சண்ட போடறது, எல்லாம் வாயப் பாத்துத்தான். தமிழு, தெலுங்கு எதுல வேணா கேளுங்க!"

அவர் நம்பவில்லை. உதட்டைச் சரியாகத் திறக்காமலே ஐந்து கேள்விகள் கேட்டார். ஐந்துக்கும் லேப் முழுக்கக் கேட்கும்படி பதில் வந்தது. பதினாறு போட்டார். "நீ இங்கயே நில்லும்மா. நான் கேக்கறத மத்தவங்களுக்குச் சொல்லு" என்றார். மீதிப் பதினெட்டுப் பேருக்கும், மறுபடி அழைக்கப்பட்ட அந்தப் பதினோரு பேருக்கும் அவளே ஒலிபெருக்கி. "கேள்விய மட்டும் சொல்லு, பதிலச் சொல்லாத!" என்று நான்தான் ஏழு முறை கத்த வேண்டியிருந்தது.

தேர்வு முடிந்து, தான் பாஸ் என்று அப்பாவுக்குப் போன் செய்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"போன வருசம் அந்த ஜெனரேட்டர் கிட்ட நின்னுக்கினு, 'இது எங்க தேறப்போவுது'ன்னு வாத்தியார் கிட்ட சொன்னீங்களே சார்..."

நான் ஸ்டூல்களை எண்ணப் போய்விட்டேன்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மாணவர் எதிலெல்லாம் குறைச்சல் என்று பட்டியல் போடும் முன், வீட்டில் என்ன வேலை செய்து பழக்கம் என்று கேளுங்கள். அதுவரை, மெஷின் ஓடுகிற தைரியத்தில் யாரைப் பற்றியும் முணுமுணுக்காதீர்கள்.