பதினேழாவது கூடு

மூன்று வருடத்துக்கு முன்பு, பொங்கல் முடிந்து ஒன்பதாம் நாள் விடிகாலையில், பூதிகோட்டைப் பக்கத்து ஏரியில் நடந்தது இது. அப்போது எனக்கு எழுபத்தொன்று. ஊரிகத்தில் என் வீட்டிலிருந்து மொபெட்டில் பதினாறு கிலோமீட்டர். வழியில் ஏழு வேகத்தடை. ஒன்றிலும் வெள்ளைக் கோடு கிடையாது.

அங்கே மீன் பிடிக்கும் ஒருவர், வலை எடுக்கப் போகும்போது என்னையும் பரிசலில் ஏற்றிக்கொள்வார். ஏரி நடுவே ஆள் உயரத்துக்குச் சம்பங்கோரை. அதற்குள் செந்நாரைகள் கூடு கட்டியிருந்தன. நாற்பதடி தள்ளியே நிற்போம். பேச மாட்டோம். துடுப்பை நீருக்கு வெளியே எடுக்காமலே அவர் பரிசலைத் திருப்புவார். ஒரு சொட்டுச் சத்தம் வராது. நான் எண்ணி எழுதிக்கொள்வேன். பத்து நாளாகப் பதினேழு கூடு.

அன்று பதினாறுதான் இருந்தது. மூன்று முறை எண்ணினேன். பதினாறு.

நான் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் டைம் கீப்பராக இருந்தவன். ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் ஏறுமுன், ஒவ்வொருவரும் பலகை ஆணியில் தொங்கும் தன் பித்தளை டோக்கனை எடுத்துப் போவார்கள்; மேலே வந்ததும் திரும்ப மாட்டுவார்கள். ஷிப்ட் முடிந்த பிறகும் ஓர் ஆணி காலியாக இருந்தால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். எண்ணிக்கை சேராமல் நான் வீட்டுக்குப் போனதே இல்லை. இருபத்தாறு வருடப் பழக்கம் அது.

"ஒண்ணு குறையுதுப்பா. கிட்ட போ."

"வேணாம் சார். முட்ட மேல குந்தினு கீதுங்க. எழுந்துச்சுங்கன்னா காக்கா பூந்துடும்."

"ரெண்டே நிமிஷம்."

"இன்னா சார் நீங்க, அதுங்களுக்கு ரேஷன் கார்டா குடுக்கப் போறீங்க? பதினாறுன்னே எழுதிக்கோங்க."

"பரிசல் விடத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

அவர் கோரைக்குள் பரிசலை விட்டார்.

ஒரே நொடியில் அத்தனை பறவைகளும் கரகரவென்று கத்திக்கொண்டு எழும்பின. பதினேழாவது கூடு இருந்த இடத்தில்தான் இருந்தது. ஒடிந்த கோரை ஒன்று அதன்மேல் சாய்ந்து மறைத்திருந்தது. உள்ளே வெளிர்நீலத்தில் நான்கு முட்டைகள். "கெடைச்சிடுச்சுப்பா!" என்று கத்தினேன்.

திரும்பலாம் என்றால் பரிசல் கோரைத் தண்டுகளில் சிக்கிக்கொண்டது. விடுவிக்க இருபது நிமிடம் ஆயிற்று. முதலில் நான்கு காக்கைகள் வந்தன. பிறகு இரண்டு பருந்துகள். அவர் எழுந்து நின்று, துடுப்பால் தண்ணீரை அடித்துத் தொண்டை கிழியக் கூவினார். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் இறங்கின. நாரைகள் மேலே வட்டமிட்டன. நாங்கள் நடுவில் இருந்ததால் இறங்க அஞ்சின. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போதும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஒன்பது கூடுகள் காலி.

மிச்சமிருந்த எட்டையும் நான்கே நாளில் பறவைகள் கைவிட்டன. ஐந்தாம் நாள் போனபோது அவர் கரையில் பரிசலைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நான் தனியா போறேன் சார். நீங்க போங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அதற்கடுத்த இரண்டு வருடமும் அங்கே ஒரு செந்நாரைகூடக் கூடு கட்டவில்லை. காணாமல் போன ஒன்றைப் பற்றிய கவலையில்தான் போனேன் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். உண்மையில் நான் தப்பாக எண்ணவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான், அதற்காகப் பதினேழும் போயின என்பது இன்றும் நெஞ்சை அறுக்கிறது.